வாயால் சொன்னது போதாது, எழுதிக் கொடுங்கள்

"விடுங்கோ, எல்லாம் எங்கட ஆக்கள்தானே. கதைச்சு முடிப்பம்." காரைநகரில் ஒரு பிள்ளை பாடசாலையிலிருந்து அழுதுகொண்டு வந்தால் வீட்டில் முதலில் எழும் பேச்சு பெரும்பாலும் இதுதான். அடித்தவன் ஒன்றுவிட்ட தமையனாக இருப்பான். அவனுடைய தாய் கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவர். அதிபரும் தெரிந்தவர். ஊருக்குள் பகை வளரக்கூடாது என்ற நல்ல எண்ணத்தோடுதான் பெரியவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் மறுநாள் காலையில் அதே வாங்கில் போய் உட்கார வேண்டியது அந்தப் பிள்ளை மட்டும்.

பெரிய நகரம் என்றால் பாடசாலையையாவது மாற்றலாம். தீவில் பாடசாலைகள் சில. முதலாம் ஆண்டில் கூட இருந்தவர்கள்தான் ஓ.எல். வரைக்கும் கூட வருவார்கள். ஆறு வயதில் தெளித்த பட்டம் பதினாறு வயது வரை விடாது. பொன்னாலைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணப் பட்டினத்துப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு அங்கே "தீவான்" என்ற பட்டம் காத்திருக்கும். தகப்பன் யுத்தத்தில் இல்லாமல் போன பிள்ளை, தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து திரும்பி வந்து வேறு மாதிரிப் பேசும் பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, நடையைப் பார்த்துச் சிரிக்கப்படும் பையன், சாதியைச் சொல்லி ஒதுக்கப்படும் பிள்ளை: குறி வைக்கப்படுகிறவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாததல்ல. நடக்கும் இடங்களும் தெரிந்தவைதான். பஸ்ஸின் பின் இருக்கை, ஊர்காவற்றுறைக்குப் போகும் பாதை, மலசலகூடத்துப் பக்கம், ரியூசன் வாசல், இப்போது வட்ஸ்அப் குழு. ஆசிரியரின் கண் எட்டாத இடமாகவே பார்த்துத்தான் இந்த வதை நடக்கிறது.

இரண்டு பிள்ளைகள் சண்டை பிடித்து மறுநாள் ஒன்றாக விளையாடினால் அது வதை இல்லை. ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பக் குறி வைப்பதும், வயதாலோ ஆட்பலத்தாலோ அந்தப் பிள்ளை எதிர்க்க முடியாதிருப்பதும், நோகடிக்க வேண்டும் என்றே செய்வதும் சேர்ந்தால் அது வதை. கை வைக்காமல் செய்யப்படுவதும் இதில் அடங்கும். வகுப்பு முழுக்க ஒருவரோடு கதைக்காமல் விடுவது அடியை விடக் கொடிது. உலகில் ஏறக்குறைய மூன்று மாணவரில் ஒருவர் ஒரு மாத காலத்துக்குள் வதைக்கு ஆளாகியிருப்பதாக யுனெஸ்கோ 2019 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது.

பிள்ளை தானாக வந்து சொல்வது அரிது. பாடசாலை நாட்களில் மட்டும் வயிற்றுவலி, வழக்கமான பஸ்ஸை விட்டு அடுத்ததில் வருவது, கொடுத்த காசு போதாமல் போவது, மலசலகூடம் போகப் பயந்து பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருப்பது. இவற்றைப் பார்த்தால் "ஏன்டா இப்பிடி இருக்கிறாய்" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் இருந்து "பஸ்ஸில ஆரோட வாறனீ?" என்று கேளுங்கள். பதில் அங்கேதான் தொடங்கும்.

"நீயும் திருப்பி அடி" என்று சொல்லும் தகப்பன்மாரின் கோபம் விளங்குகிறது. ஆனால் அந்தப் பக்கம் ஐந்து பேர். திருப்பி அடித்த கணத்தில் விசாரணையில் இரண்டு பகுதியும் ஒரே தராசில் ஏறிவிடும். எதிர்த்து நிற்கும் பொறுப்பைப் பதினொரு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த மண்ணில் வகுப்பறைக் கொடுமை ஒருகாலத்தில் ஒழுங்குவிதியாகவே இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்தார்கள். 1920களின் இறுதியில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டாயமாக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பில் தீ வைக்கப்பட்ட பாடசாலைகளும் உண்டு. அந்தப் பிள்ளைகள் வாங்கில் ஏறியதற்குக் காரணம், பெரியவர்கள் மனுக் கொடுத்ததும் அரசாங்கம் ஆணை போட்டதும். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இப்போதும் இருக்கிறது. சாதியின் பேரால் பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியைத் தடுப்பது அதன்படி குற்றம்.

பகிடிவதைச் சட்டம் என்று எல்லோரும் சொல்வது 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தை. 1997 இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையின் பின் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், அதனால் கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ நேர்ந்தால் பத்து வருடம் வரையும் சிறை. அது பெரும்பாலும் உயர்கல்வி நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பாடசாலைப் பிள்ளைக்கு நடக்கும் அடி, மிரட்டல், காசு பறிப்பு ஆகியவை சாதாரண தண்டனைச் சட்டக்கோவையின்படியே குற்றங்கள்.

வதைப்பவர் ஆசிரியராக இருந்தாலும் வழி உண்டு. உடல் தண்டனை வேண்டாம் என்று கல்வி அமைச்சின் 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் ஒரு மாணவரின் காது கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. அந்த வழக்கில் நீதியரசர் எஸ். துரைராஜா எழுதி உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு, அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை மீறப்பட்டதாகக் கண்டது. ஆசிரியர் 1,50,000 ரூபாயும் அரசு 5,00,000 ரூபாயும் கொடுக்க வேண்டியதாயிற்று. இப்படியான அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

இனி, செய்ய வேண்டியது. பிள்ளை சொன்ன அன்றிரவே எழுதுங்கள். திகதி, இடம், சொன்ன சொற்கள் அப்படியே, யார் யார் பார்த்தார்கள். அதிபருக்குக் கடிதமாகவே கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாடசாலையின் சம்பவத்திரட்டில் பதியும்படி கேளுங்கள். வாயால் சொன்ன முறைப்பாடு அதிபர் மாறிப் போனால் அவரோடேயே போய்விடும். பதில் இல்லையென்றால் அதே கடிதத்தை இணைத்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு, சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருபத்திநான்கு மணிநேரமும் தமிழிலும் இயங்குகிறது. பிள்ளையே அழைக்கலாம்.

காயம், பாலியல் தொல்லை, உயிர் மிரட்டல் என்றால் அதிபரின் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் வைத்தியசாலைக்கும் பொலிஸுக்கும் போங்கள். காயம் எப்படி வந்தது என்று வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள். "விழுந்திட்டான்" என்று எழுதப்பட்டால் பிறகு மாற்றுவது கடினம். தொலைபேசியில் வந்தவற்றைத் திகதியோடு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். ஆனால் பிள்ளையின் ஆபாசப் படம் ஏதும் இருந்தால் அதைச் சாட்சிக்கென்று மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பக்கூடாது. பரப்புவதே குற்றம். தொலைபேசியைக் கொண்டுபோய்ப் பொலிஸிடம் காட்டுங்கள்.

முறைப்பாடு கொடுத்த பிறகு வரும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஓகஸ்டில், சக மாணவர்களின் சாதிக் கொடுமையால் பாடசாலைக்குப் போகாமல் நின்ற பட்டியல் சாதி மாணவர் ஒருவர் நடந்ததைச் சொல்லிவிட்டார். அன்றிரவே அவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயப்பட்டாள். இந்த ஆபத்து எங்கள் பக்கத்திலும் உண்டு. கடிதம் கொடுக்கும்போதே பிள்ளை யாரோடு பஸ்ஸில் வரும், இடைவேளையில் எங்கே நிற்கும், எந்த ஆசிரியர் கண் வைத்திருப்பார் என்று அதிபரோடு பேசி முடிவெடுங்கள். மிரட்டல் வந்தால் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்க இடம் தருகிறது.

வதைத்த பிள்ளையும் பிள்ளைதான். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர் மீது குற்றப் பொறுப்புச் சுமத்த எங்கள் சட்டம் இடம் தருவதில்லை. வீட்டில் அடி வாங்குகிறவன் பாடசாலையில் அடிக்கிறவனாக மாறுவதும் உண்டு. அவனுக்கும் உளவளத்துணை வேண்டும். ஆனால் எல்லோர் முன்னும் இருவரையும் கைகொடுக்க வைத்து "சரி, முடிஞ்சுது" என்று அனுப்புவதைச் சமாதானம் என்று சொல்லாதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளை சம்மதிக்காமல் அவர்களை ஒரே மேசையில் இருத்தவே கூடாது.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் படிக்கும் நாட்டில் வதையைக் கையாள எழுதப்பட்ட நடைமுறை இல்லாமல் பாடசாலை நடத்த முடியாது. ஒன்ராறியோ 2012 இலேயே சட்டத்தில் அதைக் கட்டாயமாக்கியது. ஊர்ப் பாடசாலைக்கு மண்டபமும் கணினியும் வாங்கக் காசு அனுப்பும்போது, முறைப்பாட்டை யார் ஏற்பார், எத்தனை நாளில் பதில் சொல்வார் என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களா என்றும் அதிபரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அதை முதலாவதாகப் போடச் சொல்லுங்கள்.