அவருக்கும் ஒரு பெயர் உண்டு

தை மாதம். தில்லி நகரம். இரவு பத்து மணி.

கடுமையான குளிர். சில இரவுகளில் 4 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். பேசினால் வாயிலிருந்து புகை போல ஆவி வரும்.

பழைய தில்லியில் கடைகள் மூடியாகிவிட்டது. ஒரு கடை வாசலில் ஒருவர் சாக்கை விரிக்கிறார். தலையோடு போர்த்திக்கொண்டு படுக்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். அதற்கும் அடுத்து இன்னொருவர்.

அந்த வழியாகப் போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?

“சோம்பேறிகள்!”

“எல்லாரும் குடிகாரர்கள்.”

“திருடர்களாக இருப்பார்கள். பையைக் கெட்டியாகப் பிடி.”

இது உண்மையா? பார்ப்போம்.

அவர்கள் யார்?

பழைய தில்லியில் காரி பாவ்லி என்று ஒரு பெரிய சந்தை உண்டு. மிளகாய், மஞ்சள், ஏலக்காய் எல்லாம் அங்கே மூட்டை மூட்டையாக வரும். அந்த மூட்டைகளைச் சுமக்கும் தொழிலாளர்களில் பலருக்கு நடைபாதைதான் வீடு.

கைவண்டி இழுப்பவர், ரிக்‌ஷா மிதிப்பவர், கட்டட வேலை செய்பவர், கல்யாண விருந்தில் பாத்திரம் கழுவுபவர் என்று இன்னும் பலர் உண்டு. பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்தவர்கள் இவர்கள். கிடைக்கும் கூலியில் வாடகை கொடுத்தால் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது.

கணவன் விரட்டிய பெண்களும் தெருவில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள், மனநோய் வந்தவர்கள், வீட்டைவிட்டு ஓடிவந்த சிறுவர்களும் இருக்கிறார்கள்.

குடிப்பவர் சிலர் இருக்கலாம். மாடி வீட்டிலும் குடிப்பவர் உண்டு அல்லவா?

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு நாடு முழுவதும் வீடு இல்லாதவர்களைக் கணக்கெடுத்தார்கள். பாலத்தடியிலும், ரயில் நிலையத்திலும், கோயில் மண்டபத்திலும் தேடி எண்ணினார்கள். 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் நகரங்களில் இருந்தார்கள். மற்றவர்கள் கிராமங்களில் இருந்தார்கள்.

சட்டமும் அவர்களைத் தவறாகப் பார்த்தது. 1959-இல் பம்பாயில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிறகு அது தில்லிக்கும் வந்தது. பிழைக்க வழி இல்லாமல் சுற்றுகிறவரையும் அந்தச் சட்டப்படி பிடிக்கலாம். ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கலாம். 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம் தில்லியில் அது செல்லாது என்றது. பிச்சை எடுப்பதைக் குற்றம் ஆக்கிய பகுதிகளை நீக்கியது. ஏழ்மை குற்றம் ஆகுமா?

இளக்காரம் உயிரையும் எடுக்கும்

2010-இல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்றது. ஆண்டு முழுவதும் அது திறந்திருக்க வேண்டும் என்றது. 2013-இல் மத்திய அரசு இதற்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது. காப்பகத்தில் ஒருவருக்கு 50 சதுர அடி இடமாவது வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது.

ஆனால் காப்பகம் கட்ட இடம் தேடினால் தெருக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

“காப்பகம் நல்லதுதான். எங்கள் தெருவில் மட்டும் வேண்டாம்.”

அடுத்த தெருவிலும் இதே பேச்சுதான். காப்பகம் எங்கேயோ தூரத்தில் போய் அமைகிறது. விடியற்காலை மூட்டை தூக்க வேண்டியவர் அங்கே எப்படிப் போவார்? வாசலிலேயே படுக்கிறார். குளிரில் விறைத்துச் சாகிறவர்களும் உண்டு. ஆகவே முதலில் மாற வேண்டியது நம் பார்வை.

நமக்குத் தெரியாத வலியா?

ஒரு காலத்தில் நம்மில் பலரைக் “கைநாட்டு” என்றார்கள். அந்தச் சொல் எப்படிச் சுட்டது! நமக்கு எழுத்து தெரியவில்லை, அவ்வளவுதான். அதற்காக நாம் அறிவு இல்லாதவர்களா?

அதுபோலத்தான் இதுவும். அவருக்கு வீடு இல்லை, அவ்வளவுதான். அதற்காக அவர் கெட்டவர் ஆகிவிட மாட்டார்.

இளைஞர்கள் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில், உங்கள் கற்போர் மையத்தில் பத்து இளைஞர்கள் சேர்ந்தால் போதும்.

முதல் வாரம்: உட்கார்ந்து பேசுங்கள். வீடு இல்லாதவரைப் பற்றி ஒவ்வொருவரும் நினைப்பதைக் கரும்பலகையில் எழுதுங்கள். மறைக்க வேண்டாம். “பயமாக இருக்கிறது” என்றாலும் எழுதுங்கள்.

இரண்டாம் வாரம்: நேரில் போங்கள். காப்பகத்தில் இருப்பவரிடம் முன்பே சொல்லிவிட்டு, மூன்று நான்கு பேராகப் போங்கள். தூங்குகிறவரை எழுப்பாதீர்கள். பெண்களிடம் பெண்களே பேசட்டும். மரியாதையாக அழையுங்கள். தில்லியில் பெரியவரை “பாபா” என்பார்கள். நம் ஊரில் “ஐயா”, “அம்மா” என்போம். முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு அவர் பெயரைக் கேளுங்கள். பல நாளாக யாரும் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். கம்பளி கொடுக்கும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். அவர் முகத்தை ஊரில் உள்ளவர்கள் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

மூன்றாம் வாரம்: என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாமாக முடிவு செய்யக் கூடாது. “ஏன் காப்பகத்துக்குப் போகவில்லை?” என்று கேட்டால் காரணம் சொல்வார்கள். ரிக்‌ஷாவை வெளியே விட்டால் திருடு போகும். ஆண்கள் ஓரிடம், பெண்கள் ஓரிடம் என்றால் குடும்பம் பிரியும். இதைக் கேட்காமல் நாம் எப்படி உதவ முடியும்?

நான்காம் வாரம்: ஒரே ஒரு வேலையை எடுங்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். இதோ ஒரு நல்ல வேலை. வீடு இல்லாதவருக்கும் ஓட்டு உண்டு. 18 வயது ஆன குடிமகனாக இருந்தால் போதும். படிவம் 6-இல் அவர் தூங்கும் இடத்தை முகவரியாக எழுதலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்ப்பார். அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதியானால், இருப்பிடத்துக்கு வேறு சான்று வேண்டாம். அந்தப் படிவத்தை நிரப்ப நாம் உதவலாம். நாம் கற்ற எழுத்து இதற்கும் பயன்படட்டும்.

ஐந்தாம் வாரம்: உங்கள் தெருவில் ஒரு கூட்டம் போடுங்கள். விருப்பம் உள்ளவர் வந்து தம் கதையை அவரே சொல்லட்டும். அவரையும் நாற்காலியில் உட்கார வையுங்கள். எல்லாருக்கும் கொடுக்கும் டீயை அவருக்கும் கொடுங்கள். நாம் பத்து நாள் பேசுவதைவிட அவர் பத்து நிமிடம் பேசுவது மேல்.

கடைசியில் அந்தக் கரும்பலகைக்கு வாருங்கள். முதல் வாரம் எழுதியதை மறுபடி படியுங்கள். எதை அழிக்கலாம்? எதைப் புதிதாக எழுதலாம்?

ஒரு மாதத்தில் யாருக்கும் வீடு கிடைத்துவிடாது. ஆனால் அடுத்த முறை அந்தக் கடை வாசலைக் கடக்கும்போது பையைக் கெட்டியாகப் பிடிக்க மாட்டோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்போம்.

யோசித்துப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் வீடு இல்லாதவர்கள் எங்கே தூங்குகிறார்கள்?
2. அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?
3. உங்கள் தெருவில் காப்பகம் வந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?