கசற்றில் உறங்கும் குரல்கள்

எம்மவர் பலரின் வீடுகளில், அலுமாரியின் மேற்தட்டிலோ நிலவறையிலோ, பழைய கசற்றுகள் நிறைந்த பெட்டியொன்று இன்னும் இருக்கின்றது. திரைப்படப் பாடல்களுக்கும் நாதஸ்வரக் கச்சேரிகளுக்கும் இடையில், உறையில் ஊர்ப்பெயர் மட்டும் எழுதப்பட்ட ஒன்றிரண்டும் கிடக்கும். கடிதத்துக்குப் பதிலாக ஊரிலிருந்து பேசி அனுப்பப்பட்ட குரல்கள் அவை. மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பற்றரிக்கும் தடையிருந்த 1990களின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்து மக்கள் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றியே வானொலி கேட்டனர். அத்தகைய நாள்களில் ஒரு தாய் பேசி அனுப்பிய பதிவின் பெறுமதியை நாம் அளவிட முடியுமா?

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இக்கசற்றில், மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மீது காந்தத்தன்மையுள்ள இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள் பசையினால் ஒட்டப்பட்டுள்ளன. ஈரத்தால் பசை தளரும். வெப்பத்தால் நாடா நெளியும். துகள்கள் உதிர உதிர ஒலியும் உதிரும். நாடா நன்றாயிருப்பினும், அதனை ஒலிக்கச் செய்யும் கருவிகள் அருகி வருகின்றன.

ஆகவே அவற்றைக் கணினிக்கு மாற்றுதல் அவசியமாகின்றது. பலரும் பாடல்களையே முதலில் எடுக்கின்றனர். அது தவறென்பது எமது கருத்து. புகழ்பெற்ற பாடலை வேறிடத்தில் தேடிப் பெறலாம். அம்மாவின் குரலுக்கு வேறு பிரதி ஏது?

செய்முறை

கசற்றின் பின்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேற்பதிவு நிகழாது. கருவியில் நாடா உரசிச் செல்லும் ‘ஹெட்’டினை, ஐசோபுரோப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சினால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முழுமையாக முன்னும் பின்னும் சுற்றினால், ஒட்டியிருக்கும் சுற்றுகள் விடுபடும்.

கருவியின் ‘லைன் அவுட்’ துளையிலிருந்து கணினியின் ‘லைன் இன்’ துளைக்குக் கம்பி தொடுக்க வேண்டும். ஒலிவாங்கிக்குரிய துளையில் செருகினால் ஒலி சிதையக்கூடும். ‘லைன் இன்’ இல்லாத கணினிகளுக்கு யூ.எஸ்.பி. இடைக்கருவிகள் உண்டு. பதிவு செய்வதற்கு ஓடாசிற்றி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. 60 நிமிடக் கசற்றுக்கு 60 நிமிடங்கள் வேண்டும். அவசரப்படாது அருகிலிருந்து கேளுங்கள்.

24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் அளவில், சுருக்கப்படாத ‘வேவ்’ கோப்பாகச் சேமித்தல் நன்று. ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 1 ஜிகாபைற் இடம்பிடிக்கும். உறவினருக்கு அனுப்ப எம்.பி.3 பிரதி போதுமானது.

இசைத்தட்டுகளுக்கு மேலும் கவனம் தேவை. 78 சுற்றுத் தட்டுக்கு அகன்ற ஊசி வேண்டும். 33 சுற்று நெடுந்தட்டின் ஊசி அதற்குப் பொருந்தாது. அரக்கினாலான பழைய தட்டுகளை அல்ககோலால் துடைத்தல் ஆகாது, அரக்கு கரைந்துவிடும்.

எமது அனுபவம் ஒன்று. முதற் கசற்றை மாற்றியபோது, இரைச்சலை நீக்கும் வசதியை அளவுமீறிப் பயன்படுத்தினோம். அம்மாவின் குரல் தெளிந்தது. ஆனால் அதன் பின்னணியில் கேட்ட காகத்தின் கரைதலும் கிணற்றுத் துலாவின் கிறீச்சொலியும் மறைந்துபோயின. ஊரே மறைந்தது போலிருந்தது. நல்லவேளையாக முதற்பதிவு எம்மிடமிருந்தது. எனவே திருத்தங்கள் யாவற்றையும் பிரதியிலேயே செய்யுங்கள். மூலப்பதிவைத் தொடாது இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். கசற்றையும் எறிந்துவிடாதீர்கள்.

1981இல் யாழ் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறு பிரதி இல்லாதவை இன்றுவரை மீளவில்லை. எமது கசற் பெட்டிகளை அழிக்க எவரும் தீயிட வேண்டியதில்லை. எமது தாமதமே போதும்.

வரும் விடுமுறை நாளில் அப்பெட்டியைத் திறப்போம். பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பவற்றைச் சொல்லக்கூடிய முதியோரை அருகிலிருத்திக் கேட்போம். அவர்கள் சொல்வதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்போம். பெயரறியாத குரல், எமது பேரப்பிள்ளைகளுக்கு வெறும் ஓசையாகவே எஞ்சும்.