நவோதயாவில் இடம் கிடைத்த வீட்டுக்கு

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜவஹர் நவோதயா வித்யாலயா நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். தேர்வுக்குத் தயார் செய்யப் புத்தகங்கள் கடைகளில் கிடைக்கின்றன. இடம் கிடைத்தபின் அந்தப் பத்து, பதினொரு வயதுப் பிள்ளை அங்கே எப்படி வாழப்போகிறது என்பதைச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. சேர்க்கை நாளில், பெட்டியோடு வாசலில் நிற்கும்போது விதிகளைக் கேட்டால் பெற்றோருக்கும் பதற்றம், பிள்ளைக்கும் பதற்றம். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாக: 1986 தேசியக் கல்விக் கொள்கையோடு நாடெங்கும் பரவியவை இவை. மாவட்டத்துக்கு ஒன்று என்பது கணக்கு. இருமொழிக் கொள்கையை முன்வைத்துத் தமிழ்நாடு இவற்றை ஏற்கவில்லை. ஆறாம் வகுப்பில் 80 பேர் வரை சேர்ப்பார்கள். குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. தேர்வை ஒருவர் ஒருமுறைதான் எழுத முடியும். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, பாடப்புத்தகம் எல்லாம் இலவசம். சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய்கூடப் பள்ளியே தரும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மாதம் 600 ரூபாய் 'வித்யாலயா விகாஸ் நிதி' கட்ட வேண்டியிருக்கும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தினர் கட்ட வேண்டியதில்லை. அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொகை அதிகம்.

நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். எழுந்ததும் மைதானத்தில் உடற்பயிற்சி. பிறகு குளியல், காலை வழிபாட்டுக் கூட்டம், சிற்றுண்டி, வகுப்புகள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் சிறிது ஓய்வு, மாலையில் விளையாட்டு, இரவில் ஆசிரியர் மேற்பார்வையில் படிப்பு. இரவு உணவு முடிந்தபின் வருகைக் கணக்கு. அதை எல்லாரும் 'ரோல் கால்' என்றே சொல்வார்கள். பிறகு விளக்கணைப்பு. நேரங்கள் பள்ளிக்குப் பள்ளி கொஞ்சம் மாறும், வரிசை பெரிதாக மாறாது. மணிக்குப் பழகப் பிள்ளைகளுக்கு அதிக நாள் ஆவதில்லை. சிரமமெல்லாம் மணிகளுக்கு நடுவே இருக்கும் வேலைகளில்தான். வரிசையில் நின்று குளிக்க வேண்டும், உள்ளாடையைத் தானே துவைத்துக் காயப்போட வேண்டும், அது காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், படுக்கையை மடிக்க வேண்டும், சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும். இவற்றையெல்லாம் அம்மாவே செய்துகொடுத்த பிள்ளை முதல் மாதம் திண்டாடும். தேர்வு முடிவு வந்த அன்றே வீட்டில் பழக்கத் தொடங்குங்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் பற்றிய விளக்கத்தையும் அனுப்புமுன் சொல்லிவிட வேண்டும்; அது பெரும்பாலும் விடுதியில்தான் தொடங்கும்.

இனி விதிகள். செல்போன் கூடாது. நகை கூடாது. கையில் பெரிய தொகை கூடாது. அனுமதியில்லாமல் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பெற்றோர் குறிப்பிட்ட நாளில்தான் பார்க்கலாம். பல பள்ளிகளில் அது மாதத்தில் ஒரு ஞாயிறு. பிள்ளையை அழைத்துப்போகப் பெற்றோரோ அவர்கள் எழுதிக்கொடுத்த பாதுகாவலரோ அடையாள அட்டையோடு வர வேண்டும்.

இவை கல்நெஞ்ச விதிகளாகத் தோன்றும். ஒரு ஹாலில் பல வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாகப் படுத்துறங்குகிறார்கள் என்பதை நினைத்தால் காரணம் புரியும். ஒருவனிடம் போன் இருந்தால் மற்றவர்கள் கெஞ்சுவார்கள், திருட்டும் சண்டையும் தொடங்கும். அழைத்துப்போக யார் வந்தாலும் அனுப்பிவிட்டால் பிள்ளையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? ஆகவே பாசத்தில் பெட்டிக்கு அடியில் போனை மறைத்து அனுப்பாதீர்கள். அகப்பட்டால் தண்டனை உங்களுக்கு இல்லை, பிள்ளைக்கு.

ஆனால் ஒன்றில் பெற்றோர் உறுதியாக நிற்க வேண்டும். வீட்டோடு பேசப் பள்ளி ஒதுக்கும் நேரம் பிள்ளையின் உரிமை. தப்பு செய்தான் என்பதற்காக அந்தப் பேச்சை நிறுத்துவது எந்தப் பள்ளியில் நடந்தாலும் தவறு. அமைதியாக, எழுத்தில் கேளுங்கள்.

மாணவர்களை நான்கு ஹவுஸ்களாகப் பிரிப்பார்கள்: ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி. விளையாட்டு, மேடைப் போட்டி, தூய்மை எல்லாவற்றிலும் இவற்றுக்கிடையேதான் போட்டி. ஒவ்வொன்றுக்கும் ஹவுஸ் மாஸ்டர் உண்டு. அவரும் வளாகத்திலேயே குடியிருக்கும் பாட ஆசிரியர்தான். பகலில் வகுப்பு, இரவில் விடுதி என்று இரட்டைச் சுமை அவருக்கு. உங்கள் பிள்ளையின் பள்ளி வாழ்க்கை நன்றாக அமைவதும் அமையாததும் முதல்வரைவிட இவரைத்தான் அதிகம் பொறுத்தது என்பது என் எண்ணம். சேர்க்கை நாளிலேயே அவரைத் தனியாகச் சந்தித்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். வீசிங், வலிப்பு, ஒவ்வாமை, தூக்கத்தில் சிறுநீர் போகும் பழக்கம் எதையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சொல்லாமல் விட்டால் அதை முதலில் கண்டுபிடிப்பது பக்கத்துக் கட்டில் பிள்ளைகள்; கேலி அங்கிருந்துதான் பிறக்கும்.

இந்தப் பள்ளிகளுக்கே உரிய ஓர் ஏற்பாடு உண்டு. ஒன்பதாம் வகுப்பில் 30 விழுக்காடு மாணவர்கள் ஓராண்டுக்கு வேறு மொழி பேசும் பகுதியிலுள்ள நவோதயாவுக்குப் போவார்கள். அங்கிருந்து அதே போல இங்கே வருவார்கள். இதை 'மைக்ரேஷன்' என்பார்கள். தென்கோடிப் பிள்ளை சப்பாத்திக்கும், உறைய வைக்கும் குளிருக்கும், இந்திக்கும் பழக வேண்டும். முதலில் ஏக்கம் வரும். ஆனால் பாடப்புத்தகம் தர முடியாத ஒன்றை இது தருகிறது என்று நம்புகிறேன். போகவிருக்கும் பிள்ளைக்குக் கம்பளி உடையும், கூடுதலாகக் கொஞ்சம் இந்தியும் தேவை.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்று. 2013 முதல் 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நவோதயா பள்ளிகளில் 49 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே தெரியவந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. லட்சக்கணக்கானோர் படிக்கும் பள்ளிகள்தாம்; அதற்காக இந்த எண்ணிக்கையைச் சிறியது என்று தள்ளிவிட முடியாது. முதல் சில வாரங்கள் பிள்ளை அழுவது இயல்பு. அழுகை நின்று பேச்சும் நின்றுபோனால், சாப்பாடு குறைந்தால், விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தால், காரணத்தைக் கேளுங்கள். "எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்த சீட்டு" என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். பள்ளியில் ஆலோசகர் இருக்கிறாரா, எப்போது அவரைப் பார்க்கலாம் என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுவையுங்கள்.

பிள்ளையை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடைசெய்யப்பட்டவை. மூத்த மாணவர் செய்தாலும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆபத்தில் உள்ள குழந்தைகளுக்கான உதவி எண் 1098. கட்டணம் இல்லை, இரவிலும் அழைக்கலாம். பெட்டி கட்டும்போது இந்த எண்ணையும் உங்கள் போன் எண்ணையும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வித்து அனுப்புங்கள்.