எந்தக் கல்லால் நிறுத்தீர்கள்?

தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தைச் சுற்றி நடந்தால், ராஜராஜனும் குந்தவையும் கொடுத்த பொன்னும் நகையும் கல்லில் கணக்காகக் கிடக்கின்றன. இத்தனை கழஞ்சு என்பதோடு விடவில்லை, எந்த எடைக்கல்லால் நிறுத்தது என்பதையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். பொன்னுக்கு ‘ஆடவல்லான்’, நகைகளுக்கு ‘தட்சிணமேரு விடங்கன்’. பிளாக்செயின் பற்றி எழுத உட்கார்ந்தவனுக்கு இந்த எடைக்கல்தான் கண்ணை உறுத்துகிறது.

பிளாக்செயினும் ஒரு பேரேடுதான். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008-இல் வந்த கட்டுரை பிட்காயினுக்காக அதை முன்வைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் கைரேகை போல ‘ஹாஷ்’ என்ற எண்கோவை இருந்து, பக்கங்களைச் சங்கிலியாகக் கோக்கும். பழைய பக்கத்தில் ஒரு சுழியைத் திருத்தினாலும் அடுத்து வரும் கைரேகைகள் பொருந்தாமல் போய்விடும். பிரதிகள் பலரிடம் இருப்பதால், ஒருவர் மட்டும் மாற்றி எழுதினால் உடனே பிடிபடும்.

லாபம் இல்லாமல் இல்லை. ஒரு மாம்பழப் பொட்டலம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வால்மார்ட்டுக்கு ஏறக்குறைய 7 நாள் ஆனது, பிளாக்செயினில் 2.2 விநாடி. சென்னையில் கூடுதல் விலைக்குப் போகும் மாப்பிள்ளைச் சம்பா எந்த வயலில் விளைந்தது என்று வாங்குபவர் பார்க்க முடிந்தால், விளைவித்தவருக்கும் நல்லதுதான். தமிழக அரசும் 2020-இல் பிளாக்செயினுக்கென்று கொள்கை வெளியிட்டது. பின்னர் வந்த கட்டமைப்புக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர். பெயர் நன்றாகவே இருக்கிறது.

இப்போது காவிரி டெல்டாவில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்துக்கு வாருங்கள். குவியலிலிருந்து ஒரு கை நெல் அள்ளி ஈரப்பதக் கருவியில் போடுகிறார்கள். 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடை போடலாம்; மத்திய அரசு தளர்த்தினால் ஒழிய, தாண்டியதை மறுபடி காயப்போட வேண்டும். மேலே அள்ளினால் ஓர் எண், அடியில் அள்ளினால் வேறோர் எண். பிறகு 40 கிலோ சிப்பம். சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடப் பிடித்துவிட்டு 40 என்றே பதிந்தால்? சங்கிலி அந்தப் பொய்யைத்தான் அழியாமல் காக்கும். சோழர் கணக்கில் எடைக்கல்லும் ஏறியது. நம் மென்பொருளில் தராசுக்கு இடம் இல்லை.

செலவு, மின்சாரம் எல்லாம் அப்புறம். சம்பந்தப்பட்டவர்கள் ஒன்று சேராவிட்டால் பெரிய நிறுவனங்களும் தோற்கும். கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-இல் கப்பல் சரக்குக்காகத் தொடங்கிய ட்ரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தை, மற்றவர்கள் முழுதாகச் சேராததால், மூடுவதாக 2022-இல் அறிவித்தார்கள். இன்னொரு சிக்கல்: 2023-இன் தனிநபர் தரவுச் சட்டம் நம் விவரத்தை அழிக்கக் கோரும் உரிமை தருகிறது. அழியாத பேரேட்டில் ஏறிய விவசாயி பெயரை எப்படி அழிப்பது?

எல்லாவற்றுக்கும் சங்கிலி வேண்டும் என்பதும் இல்லை. பாரம்பரிய நெல் விதைகளை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் தொடங்கிய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் சங்கிலி இல்லாமலே மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம்.

உங்கள் அரிசி ஆலைக்கோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ யாராவது பிளாக்செயின் விற்க வந்தால், முதலில் தராசைக் காட்டச் சொல்லுங்கள்.