பக்கத்து வீட்டுத் தட்டும் நம் சர்க்கரை அளவும்

தமிழ்நாட்டின் பல தெருக்களில் பண்டிகைக்குப் பண்டிகை வீடு விட்டு வீடு செல்வது ஓர் எவர்சில்வர் தட்டு. தீபாவளியன்று அதிரசமும் முறுக்கும், ரம்ஜானன்று பிரியாணியும், கிறிஸ்துமஸ் நாளில் கேக்கும் கல்கலும் அதில் வந்து சேர்கின்றன. வந்த தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நம் வழக்கமன்று. ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் கொடுப்போம். நோன்புக் காலத்து மாலைகளில் கஞ்சிக்காகப் பள்ளிவாசலில் தூக்குவாளியுடன் நிற்போரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயிலில் வார்க்கும் கூழுக்கும் அவ்வாறே.

நீரிழிவு நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்களாகிய நாங்கள் இந்த உறவின் இன்னொரு பக்கத்தையும் காண்கிறோம். பண்டிகை முடிந்த வாரத்தில் சர்க்கரை அளவு உயர்ந்து வருவோரிடம் காரணம் கேட்டால், "அன்பாகக் கொடுத்ததை எப்படி வேண்டாம் என்பது?" என்கின்றனர். விரத நாளில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வியர்த்து வாடியிருப்பதைக் கண்டும், "அவர்கள் மார்க்க விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது" என்று ஒதுங்கி நிற்போரும் உண்டு. இரண்டுமே மரியாதையிலிருந்து பிறப்பவை. ஆயினும், உணவைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் நோயைப் பற்றிய செய்தியையும் பகிர்ந்துகொள்ளாவிட்டால், அந்த மரியாதையே சில வேளைகளில் ஆபத்தாக முடிகிறது.

தட்டை மறுக்க வேண்டாம், அளவை அறிந்துகொள்ளுங்கள்

வந்த பலகாரத்தை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு சிறு துண்டை உணவின் பகுதியாகக் கொண்டு, அந்த வேளையின் சோற்றையோ இட்லியையோ அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம். எஞ்சியதை வீட்டார் உண்ணட்டும். நோன்புக் கஞ்சி அரிசியும் பருப்பும் சேர்ந்தது. ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தால் அதையும் அன்றைய சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும். கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரையை உயர்த்தாது என்பது தவறான நம்பிக்கை. அதிலும் மாவுச்சத்தே மிகுதி.

சிறுநீரகம் பழுதுற்று, பொட்டாசியத்தைக் குறைக்குமாறு அறிவுறுத்தப்பட்டவர்கள் திரும்பும் தட்டில் வரும் வாழைப்பழத்தையும், நோன்பு திறக்கும்போது கிடைக்கும் பேரீச்சம்பழத்தையும், இளநீரையும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இதய நோயாளிகளுக்கு முறுக்கு, ஊறுகாய் ஆகியவற்றிலுள்ள உப்பே முதல் கவலை.

கொடுப்பவரிடம் உண்மையைச் சொல்வதில் தவறேதுமில்லை. "எனக்குச் சர்க்கரை இருக்கிறது; ஒரு துண்டு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்றால் எவரும் மனம் வருந்தார். அடுத்த ஆண்டு அந்தத் தட்டில் சுண்டலோ ஒரு கொய்யாப்பழமோ இருக்கவும் கூடும்.

விரதத்திற்கு முன்பே வாருங்கள்

ரம்ஜான் நோன்பு, கந்த சஷ்டி, ஏகாதசி, கிறிஸ்தவர்களின் தவக்காலம் என எல்லாச் சமயத்திலும் உணவைத் துறக்கும் நாட்கள் உள்ளன. உடலுக்கோ சமயம் தெரியாது. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ உட்கொண்டபின் உணவு வராவிட்டால், எவர் உடலிலும் சர்க்கரை தாழும்.

ஆகவே விரதம் இருக்க விரும்புவோர் அதற்குச் சில வாரங்கள் முன்பே எங்களிடம் வர வேண்டுகிறோம். ரம்ஜான் நோன்பிற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே வருவது நன்று. மருந்தின் அளவையும் நேரத்தையும் சஹர் உணவிற்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் ஏற்ப மாற்றித் தர இயலும். தாமாக மாற்றுவதோ நிறுத்துவதோ கூடாது. முதல் வகை நீரிழிவு உள்ளோர், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியோர், முற்றிய சிறுநீரக நோயாளிகள், இன்சுலின் செலுத்திக்கொள்ளும் கர்ப்பிணிகள் ஆகியோர் நோன்பைத் தவிர்க்குமாறு அறிவுறுத்துகிறோம். நோயுற்றோருக்கு விலக்களிக்கும் நெறி இஸ்லாத்திலேயே உண்டு. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. அளவு 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ அன்றைய விரதத்தை உடனே முடித்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டார் அறிய வேண்டியவை

பிள்ளைகள் வெளியூரிலிருக்க, தனித்து வாழும் முதியோர் இன்று பலர். அவர்களுக்கு முதலில் உதவ இயன்றவர் அடுத்த கதவிற்குப் பின்னால் இருப்பவரே; அவர் எந்தச் சமயத்தவராயினும் சரி.

கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, குழறும் பேச்சு, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை சர்க்கரை தாழ்வதன் அறிகுறிகள். அவர் விழிப்புடன் விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்யுங்கள். பதினைந்து நிமிடம் கழித்தும் தெளிவு பிறக்காவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். விரத நாளாயிற்றே என்று தயங்க வேண்டாம். உயிரைக் காப்பது எந்த விரதத்திற்கும் பகையன்று.

பராமரிப்போர் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம்பிக்கையான ஓர் அண்டை வீட்டாரிடம் நோயின் பெயர், மருந்துச் சீட்டு இருக்கும் இடம், மகன் அல்லது மகளின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் நோயாளியின் சம்மதத்துடன் சொல்லி வையுங்கள்.

மனத்தில் உள்ள ஐயத்தைக் கேளுங்கள்

மருந்து எதிலிருந்து செய்யப்படுகிறது என்ற ஐயத்தால் அதைச் சொல்லாமலே நிறுத்திவிடுவோர் உள்ளனர். 1922-இல் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது முதல் பல்லாண்டுகள் அது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. நுண்ணுயிர்களைக் கொண்டு உருவாக்கும் மனித இன்சுலின் 1982-இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பெரும்பாலும் புழங்குவது இவ்வகையே. சில குளிகைகளின் உறை விலங்குப் புரதத்தால் ஆனது. இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவது. இவற்றில் பலவற்றிற்கு மாற்று மருந்து உண்டு. கேட்டால்தான் எங்களால் சொல்ல இயலும். சைவ உணவினரும் இஸ்லாமியரும் தயங்காமல் கேட்கலாம்.

உள்நோயாளிகளின் உறவினருக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். வார்டில் அருகருகே படுத்திருப்போரின் குடும்பங்கள் சமய வேறுபாடின்றி ஒன்றாகிவிடுவதை நாள்தோறும் காண்கிறோம். ஒருவர் உறங்க, மற்றவர் இருவரின் நோயாளிகளையும் பார்த்துக்கொள்கிறார். அது தொடரட்டும். ஆனால் வீட்டிலிருந்து வந்த உணவை அடுத்த கட்டிலுக்குக் கொடுக்குமுன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவருக்கு மருந்தாகும் இளநீர் மற்றவருக்குத் தீங்காகலாம்.