மணப்பெண்ணும் 55 மில்லிமீட்டரும்

பகுதிநேரமாகக் கல்யாணப் படம் எடுக்கும் ஜூரோங் ஈஸ்ட் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “சீனத் தோட்டத்தை 2024 செப்டம்பரில் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து, அங்கே படம் எடுக்க வேண்டும் என்கிறார்கள் மணமக்கள். மீடியம் ஃபார்மட் கேமராவில் எடுத்தால்தான் முகம் தனியாக எழும்பி நிற்கும், பின்னணி கரைந்துபோகும் என்று கடையில் சொன்னார்கள். என்னிடம் ஃபுல் ஃபிரேம் கேமராவும் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸும் இருக்கின்றன. மாறலாமா?”

பின்னணிக்காக மட்டும் என்றால் வேண்டாம். பெரிய சென்சாருக்கு விளம்பரங்கள் ஒரு மாயக் குணத்தை ஏற்றிவைத்திருக்கின்றன. பின்னணியைக் கரைப்பது லென்ஸின் திறப்பு. லென்ஸை முன்பக்கமாகப் பார்த்தால் உள்ளே ஒரு வட்டம் தெரியுமே, அதுதான். அதன் விட்டத்தை அறிய, குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் போதும். ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் என்னும் மீடியம் ஃபார்மட் கேமராக்களுக்கான 110 மி.மீ. எஃப்/2 லென்ஸுக்கு 55 மி.மீ. வருகிறது. வாசகரின் 85 எஃப்/1.4 லென்ஸுக்கோ ஏறக்குறைய 61. கையில் இருப்பதுதான் பெரியது.

இந்த விட்டத்தில் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. மணப்பெண்ணின் முகத்தில் குவியம் வைத்துவிட்டோம். அவருக்கு வெகு பின்னால், சீனத் தோட்டத்து ஏழடுக்குக் கோபுரத்தில் ஒரு விளக்கு எரிகிறது. படத்தில் அது மங்கி வட்டமாக விழும். அந்த வட்டத்தை முகத்தின் அளவோடு ஒப்பிட்டு அளந்தால் எவ்வளவு இருக்கும்? திறப்பின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு. அந்த 110 எஃப்/2 லென்ஸில், 14 செ.மீ. அகல முகத்துக்குப் பக்கத்தில் 5.5 செ.மீ. விளக்கு. மணப்பெண் இரண்டு மீட்டரில் நின்றாலும் ஐந்து மீட்டரில் நின்றாலும், சென்சார் பெரிதானாலும் சிறிதானாலும் இதில் மாற்றமில்லை.

ஏன் அப்படி? திறப்பை, கல்யாண மேடைக்கு எதிரே போட்ட முதல் வரிசை நாற்காலிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கோடியில் தாய்மாமன், வலது கோடியில் அத்தை, நடுவில் மற்றச் சொந்தபந்தம். மணப்பெண் எங்கே இருக்கிறார் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் எரியும் விளக்கைப் பற்றித்தான் தகராறு. மாமனுக்கு அது மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் தெரிகிறது, அத்தைக்கு வலப்பக்கம், நடுவில் இருப்பவர்களுக்கு நேர் பின்னால். அத்தனை சாட்சியத்தையும் ஒரே தாளில் குறித்தால் மணப்பெண் கூர்மையாக விழுவார். விளக்கோ வரிசையின் அகலத்துக்குப் பரந்துவிடும். ஆனால் மணப்பெண்ணை ஒட்டித் தொங்கும் திரைச்சீலை பற்றி மாமனும் அத்தையும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்வார்கள். அதனால்தான் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தால் எவ்வளவு விலையுள்ள லென்ஸும் பின்னணியைக் கரைப்பதில்லை. கேமராவிலிருந்து மணப்பெண் இருக்கும் தூரத்தைப் போல இருமடங்கில் பின்னணி இருந்தால், வட்டம் திறப்பில் சரிபாதி.

எஃப்/8க்கு இறக்குவது, ஓரத்து நாற்காலிக்காரர்களைப் பந்திக்கு அனுப்புவது. தகராறு குறையும், ஆளுக்கொன்றாக அவர்கள் ஏந்திவந்த அகல்விளக்கின் வெளிச்சமும் கூடவே போய்விடும். பழைய ஹாசல்பிளாட் லென்ஸ்களில் திறப்பை மூடும் இதழ்கள் ஐந்து. நாற்காலிகள் ஐங்கோணமாக அமைந்துவிடுவதால் தூரத்து விளக்குகளும் ஐங்கோணமாகும். கைத்தொலைபேசியின் திறப்பு 4 மி.மீ. அளவுதான்: தாத்தா ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் மண்டபம். சாட்சி ஒருவரே என்பதால் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாகத் தெரியும். மென்பொருள் பிறகு ஊகித்துத்தான் பின்னணியை மங்கலாக்குகிறது. சென்சார் என்பது மொய் நோட்டு. நோட்டு பெரிதாக இருந்தால் விவரமாக எழுதலாம். யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பதை நோட்டு மாற்றாது.

‘மீடியம் ஃபார்மட் முக அமைப்பு’ என்று சொல்லப்படுவதும் இப்படித்தான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. அரை மீட்டரிலிருந்து எடுத்தால், காதோடு ஒப்பிட மூக்கு 24 சதவீதம் பெருத்துத் தெரியும்; ஒன்றரை மீட்டரில் அது 8 சதவீதமாக இறங்கும். இது முழுக்க நிற்கும் தூரத்தின் விளைவு. ஒன்றரை, இரண்டு மீட்டரில் நின்று தலையும் தோளும் சட்டகத்தில் நிறைய வேண்டும் என்பதால்தான் 6×6 பிலிமுக்கு 150 மி.மீ., ஜிஎஃப்எக்ஸுக்கு 110, ஃபுல் ஃபிரேமுக்கு 85 அல்லது 100 என்று உருவப்பட லென்ஸ்கள் அமைந்தன.

மீடியம் ஃபார்மட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 120 பிலிம் 1901இல் வந்தது, ரோலைஃப்ளெக்ஸ் கேமரா 1929இல். தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் யாஷிகா அதன் வழிவந்ததே. ரோலை நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் உற்பத்தியின் பெரும்பகுதியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து, அரசுடன் சேர்ந்து பயிற்சி நிலையமும் நடத்தி, 1981இல் மூடிச் சென்றது. பின்னணிக் கதைக்கும் அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. பென்டாக்ஸ் 67இன் 105 எஃப்/2.4 லென்ஸின் திறப்பு 44 மி.மீ.; ஏறக்குறைய அதே கோணத்தைக் காட்டிய சிறிய கேமராவின் 50 எஃப்/1.4க்கு 36தான். இன்று ஃபுல் ஃபிரேமுக்கு எஃப்/1.2 லென்ஸ்கள் பெருகியபின் நிலைமை தலைகீழ். பேச்சு மட்டும் பழையபடி நடக்கிறது.

அப்படியானால் மீடியம் ஃபார்மட் எதற்கு? முதலாவது, அந்தப் பெரிய நோட்டு. 43.8×32.9 மி.மீ. சென்சாரின் பரப்பு ஃபுல் ஃபிரேமைப் போல 1.7 மடங்கு. தாழ்ந்த ஐஎஸ்ஓவில் அவ்வளவு கூடுதல் ஒளியைத் தாங்கும் என்பதால், கறுத்த கூந்தலின் நிழலும் பட்டுச் சரிகையின் மினுக்கமும் ஒரே படத்தில் பிழைக்கும். முக்கால் ஸ்டாப் ஆதாயம் என்று சொல்லலாம். கிடைப்பது அவ்வளவுதான், ஆனால் உண்மையான ஆதாயம்.

இரண்டாவதுதான் ஜூரோங்குக்கு முக்கியம்: லென்ஸுக்குள்ளேயே இருக்கும் இதழ் ஷட்டர். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணியளவில். அந்த நேரத்தில் கண்குழிகளில் நிழல் தேங்கும்; ஃபிளாஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/4 என்றால் 1/1600 நொடி தேவை. சென்சாருக்கு முன்னால் திரை ஷட்டர் உள்ள ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களில் ஃபிளாஷ் முழுச் சட்டகத்துக்கும் பரவ 1/125க்கு மேல் போகக்கூடாது. அதிவேக ஃபிளாஷ் முறை உண்டு. அதில் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஹாசல்பிளாட்டின் எக்ஸ் வரிசை மீடியம் ஃபார்மட் கேமராக்களுக்கான 80 மி.மீ. எஃப்/1.9 லென்ஸில் இதழ் ஷட்டர் நடுவிலிருந்து நான்கு பக்கமும் திறப்பதால் 1/2000 நொடியிலும் ஃபிளாஷ் முழுதாகப் பதியும். இந்த ஒரு காரணத்துக்காக மாறினால் நான் தடுக்க மாட்டேன்.

வாசகருக்கு என் யோசனை: அந்தியிலும் வீட்டுக்குள்ளும் எடுப்பதே அதிகம் என்றால் 85ஐ வைத்துக்கொண்டு, மணமக்களைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். உச்சி வெயில் வேலை நிறைய வருகிறதென்றால் எக்ஸ் வரிசைக் கேமராவையும் அந்த 80 மி.மீ. லென்ஸையும் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் இரண்டிலும் ஃபிளாஷோடு எடுத்து, கண்ணுக்குக் கீழே விழும் நிழலை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னணியைப் பார்க்க வேண்டாம்.