குழாய் வந்தது, காப்பது யார்?

புதுதில்லி:
ஊரக வீடுகள் அனைத்துக்கும் குழாய் மூலம் குடிநீர் வழங்கும் 'ஜல் ஜீவன்' இயக்கம் 2019 ஆகஸ்ட் 15-ஆம் தேதி செங்கோட்டையிலிருந்து அறிவிக்கப்பட்டது. அன்று சுமார் 3.23 கோடி ஊரக வீடுகளுக்கு மட்டுமே இணைப்பு இருந்தது. 2025 பிப்ரவரியில் தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட், 15 கோடி வீடுகள் பயன் பெற்றுள்ளதாகக் கூறி, 2024-இல் முடிந்திருக்க வேண்டிய இத்திட்டத்தை 2028 வரை நீட்டித்தது. கட்டமைப்பின் தரத்திலும், மக்கள் பங்கேற்புடன் கூடிய பராமரிப்பிலும் இனி கவனம் செலுத்தப்படும் என்றும் அந்த பட்ஜெட் உரை தெரிவித்தது.

குழாய் பதிப்பது ஓர் ஆண்டு வேலை. அதில் முப்பது ஆண்டுகள் தண்ணீர் வரச் செய்வதே உண்மையான பணி. இதைத் தில்லி காலம் கடந்தே உணர்ந்திருக்கிறது. கேரளத்தின் தென்கோடியில், தமிழகத்தின் களியக்காவிளையை ஒட்டியுள்ள பாறசாலை, காரோடு போன்ற நெய்யாற்றின்கரை வட்டத்து எல்லைக் கிராமங்களிலிருந்து பார்த்தால் இப்பணியின் இரு பக்கங்களும் தெளிவாகத் தெரியும். ஒன்று, ஊர் மக்கள் தாமே செய்யக்கூடியது. மற்றொன்று, அரசு மட்டுமே செய்யக்கூடியது.

மக்கள் கையில் கணக்கு

முதல் பக்கத்துக்குக் கேரளத்திலேயே முன்னுதாரணம் உண்டு. கோழிக்கோடு மாவட்டம் ஒளவண்ணா ஊராட்சியில் 1980-களின் இறுதியிலிருந்து குன்றுப் பகுதி மக்கள் தாமே பணம் திரட்டிக் கிணறு வெட்டி, தொட்டி கட்டி, குழாய் பதித்து, இயக்கியும் வந்தனர். அந்த அனுபவத்தை ஒட்டி, உலக வங்கிக் கடனுதவியுடன் 2000-ஆம் ஆண்டையொட்டி 'ஜலநிதி' திட்டத்தை மாநில அரசு தொடங்கியது. பயனாளிகள் சங்கமாகப் பதிவு செய்துகொண்டு, கட்டுமானச் செலவில் ஒரு பங்கையும் இயக்கும் செலவு முழுவதையும் ஏற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி.

இத்தகைய சங்கங்கள் தளர்வது பெரும்பாலும் முதல் ஆண்டில் அல்ல. மின் கட்டணத்துக்கும் மோட்டார் இயக்குபவரின் ஊதியத்துக்கும் மட்டும் வசூலித்துவிட்டு, மோட்டார் பழுதாகும் நாளை மறந்துவிடுவதே காரணம். ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 200 வீடுகள் மாதம் 10 ரூபாய் கூடுதலாகச் செலுத்தினால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் சேரும். பத்து ஆண்டுகளில் வட்டி நீங்கலாக 2.40 லட்சம் ரூபாய். இந்த நிதி வங்கியில் தனிக் கணக்கில் இருந்தால், மோட்டார் எரிந்துபோகும்போது ஊர், அமைச்சரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஆனால் கட்டண உயர்வு அரசியலில் எளிதன்று. கேரள குடிநீர் ஆணையம் 2023 பிப்ரவரியில் லிட்டருக்கு ஒரு பைசா வீதம் கட்டணத்தை உயர்த்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. தாம் செலுத்தும் பணம் எதற்குச் செலவாகிறது என்பதை மக்களே பார்க்கும் இடத்தில் எதிர்ப்பு தணியும். வரவு செலவைக் கிராம சபையில் ஆண்டுதோறும் படிப்பது இதனால்தான் முக்கியம். ஜல் ஜீவன் வழிகாட்டு நெறிகளும் கிராமக் குடிநீர்க் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், நீரின் தரத்தைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன.

ஆறு யார் பொறுப்பு?

இரண்டாவது பக்கம் நீராதாரம். எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்தாலும், ஆற்றில் நீர் இல்லையெனில் ஊர்க் குழுவால் எதுவும் செய்ய இயலாது. அகத்திய மலையில் பிறந்து பூவாறில் கடலில் கலக்கும் நெய்யாறே இப்பகுதியின் உயிர்நாடி. 2017 கோடையில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கான அருவிக்கரை நீர்த்தேக்கம் வற்றியபோது, நெய்யாறு அணையிலிருந்து நீர் இறைத்து அங்கு அனுப்பப்பட்டது. நகரம் தவிக்கும்போது நெய்யாற்றின் மீது முதல் உரிமை யாருக்கு என்ற கேள்வியை அது எழுப்பியது.

எல்லைக்கு அப்பால் அக்கேள்வி இன்னும் பழையது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் தமிழகத்துடன் இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டுக்கு வந்த பாசன நீர் 2004-இல் நிறுத்தப்பட்டது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான ஆறு அல்ல என்பது கேரளத்தின் வாதம். அதை மறுக்கும் தமிழகம் 2012-இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது.

'குடிநீர்' அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய இனமாக இடம்பெற்றுள்ளது. ஆனால் ஆறும் அணையும் ஊராட்சியிடம் இல்லை. எனவே பராமரிப்பை மக்களிடம் ஒப்படைக்கும் அரசு, நீராதாரத்துக்கான பொறுப்பையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கக் கூடாது. ஒவ்வோர் ஊருக்கும் கோடையில் எவ்வளவு நீர் ஒதுக்கப்படும் என்பதை எழுத்து மூலம் உறுதி செய்வதும், ஊரின் சக்திக்கு மீறிய பழுதுகளைத் தன் செலவில் சரிசெய்வதும் அரசின் கடமை.

எத்தனை இணைப்புகள் கொடுக்கப்பட்டன என்பதை நாடாளுமன்றம் ஆண்டுதோறும் கேட்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த இணைப்புகளில் இன்று எத்தனையில் தண்ணீர் வருகிறது என்று கேட்கத் தொடங்கினால், எல்லையின் இரு புறமும் உள்ள கிராமங்களுக்கு அதுவே பெரிய உதவியாக இருக்கும்.